குடும்பத்தோடு கென்யா சஃபாரி: லாட்ஜ் தேடும் முன் முடிக்க வேண்டியவை

கென்யா சஃபாரி என்று தேடிப் பார்த்தால் கண்ணில் படுவதெல்லாம் லாட்ஜ் படங்கள். நீச்சல் குளத்தோரம் ஒட்டகச்சிவிங்கி, கூடார வாசலில் தேநீர்க் கோப்பை. அதில் மயங்கி முதலில் லாட்ஜை புக் செய்துவிட்டு, தேதியையும் டிக்கெட்டையும் அதற்குள் திணிக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் குடும்பத்துக்கு வரிசை வேறு. பள்ளி விடுமுறை, பிள்ளைகளின் வயது, பாஸ்போர்ட்டும் ஊசியும், பூங்கா நுழைவுக் கட்டணம், அதற்குப் பிறகுதான் லாட்ஜ். இவற்றை எனக்கு ஒவ்வொரு இடமாக விசாரித்துத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. உங்களுக்கு ஒரே இடத்தில் கிடைக்கட்டும்.

சஃபாரிக்கு தான்சானியா, தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா எல்லாம் உண்டு. இங்கே கென்யா மட்டும், அதிலும் பெரும்பாலும் மசாய் மாரா என்னும் வனவிலங்குக் காப்பகம். முதல் தடவை போகிறவர்கள் ஒரே நாட்டில் நிற்பது நல்லது. மாராவும் தான்சானியாவின் செரெங்கெட்டியும் ஒட்டிக் கிடந்தாலும் சுற்றுலா வண்டிகள் அந்த எல்லையை நேராகத் தாண்ட முடியாது. சுற்றித்தான் போக வேண்டும், தான்சானியாவுக்குத் தனி விசாவும் வேண்டும்.

1. காலண்டரை முதலில் எடுங்கள்

நம் கோடை விடுமுறையான ஏப்ரல், மே மாதங்கள் கென்யாவில் பெருமழைக் காலம். மார்ச் கடைசியில் தொடங்கி மே வரை பெய்யும். அந்த மாதங்களில் லாட்ஜ் விலை நன்றாக இறங்கும். ஏஜென்ட்டுகள் "ஆஃபர்" என்று கூவுவதும் அப்போதுதான். மாராவில் பல பகுதிகள் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் போன்ற மண். நனைந்தால் சக்கரம் இறங்கிவிடும், சில கேம்ப்களை மூடியே விடுவார்கள். பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்கள், மழைக்கும் தாமதத்துக்கும் அலுத்துக்கொள்ளாதவர்கள் என்றால் மே கடைசி வாரம் பரவாயில்லை. இல்லாவிட்டால் கோடை விடுமுறையை மறந்துவிடுங்கள்.

என் கணக்கில் நமக்கு ஏற்றது காலாண்டுத் தேர்வு விடுமுறை, அதாவது செப்டம்பர் கடைசியும் அக்டோபர் தொடக்கமும். ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் இனத்தின் மந்தைகள் மாராவில் இருக்கும். மழையும் குறைவு. நுழைவுக் கட்டணம் இரட்டிப்பு என்பதுதான் குறை. அரையாண்டு விடுமுறையில் போனால் கிறிஸ்துமஸ் நெரிசல் விலையும் அதே இரட்டிப்புக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். பொங்கல் விடுமுறையோடு சில நாள் லீவு போட முடிந்தால் ஜனவரி அருமையான மாதம். வறண்ட வானிலை, பாதிக் கட்டணம். பெருமந்தை அப்போது தான்சானியா பக்கம் போயிருக்கும். ஆனால் சிங்கம், யானை, சிறுத்தை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வருடம் முழுக்க அங்கேயேதான் இருக்கின்றன.

மந்தை மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கரையில் மணிக்கணக்கில் காத்திருந்தும் அவை இறங்காமல் திரும்பிவிடுவது உண்டு. வண்டிக்குள் அவ்வளவு நேரம் ஏழு வயதுப் பிள்ளையை உட்கார வைக்க முடியுமா என்று உங்களுக்கே தெரியும்.

2. பிள்ளைகளின் வயதை எழுதி வையுங்கள்

பயண நாளன்று எத்தனை வயது என்பதுதான் கணக்கு. மாரா காப்பகத்தில் 8 வயது வரை நுழைவு இலவசம். 9 முதல் 17 வரை சிறுவர் கட்டணம். 18 ஆகிவிட்டால் பெரியவர்.

கட்டணத்தைவிட முக்கியமானது லாட்ஜ்களின் வயது விதி. நல்ல டென்ட் கேம்ப்கள் பலவற்றில் 5 அல்லது 6 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. சிலவற்றில் 12. அனுமதித்தாலும் மற்ற விருந்தினர்களோடு ஒரே வண்டியில் ஏற்ற மாட்டார்கள், தனி வண்டி எடுக்கச் சொல்வார்கள். அந்தச் செலவு முதல் விலைப்பட்டியலில் இருக்காது. நடைச் சஃபாரிக்குப் பெரும்பாலும் 12 வயதுக்கு மேல். வெப்பக்காற்று பலூனில் ஏற வயதோடு உயரமும் பார்ப்பார்கள், கூடையின் விளிம்புக்கு மேலே பிள்ளையின் கண் தெரிய வேண்டும். பலூனுக்கு ஆளுக்கு 450 முதல் 500 டாலர் என்பதால், உயரம் போதவில்லை என்று அங்கே போய்த் தெரிந்துகொள்வது பெரிய நஷ்டம்.

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் ஒன்றிரண்டு வருடம் தள்ளிப்போடச் சொல்வேன். விடியற்காலைக் குளிரில் எழுப்பி, நாலு மணி நேரம் குலுங்கும் வண்டியில் வைத்திருப்பது அவர்களுக்கும் தண்டனை, உங்களுக்கும் தண்டனை.

3. பாஸ்போர்ட், ஊசி, இடிஏ: இதே வரிசையில்

பாஸ்போர்ட். பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்து வருடம் செல்லும், பிள்ளைகளுடையது ஐந்தே வருடம். வீட்டில் எல்லோருடையதும் செல்லுபடியாகும் என்று நினைத்திருப்போம், சின்னவனுடையது எப்போதோ முடிந்திருக்கும். கென்யாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். புதுப்பிக்க அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட்ட அனெக்சர் டி படிவம் வேண்டும். ஊசிச் சான்றில் பாஸ்போர்ட் எண்ணை எழுதுவார்கள் என்பதால் இது முடிந்தபிறகுதான் அடுத்த படி.

எல்லோ ஃபீவர் (மஞ்சள் காய்ச்சல்) ஊசி. கென்யாவுக்குள் போக இந்தியாவிலிருந்து நேராகச் செல்பவரிடம் இந்தச் சான்றைக் கேட்பதில்லை. அதை நம்பி ஊசியே வேண்டாம் என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். திரும்பி வரும்போது கேட்பது இந்திய அரசு. கென்யாவிலிருந்து வரும் எவரிடமும் செல்லுபடியாகும் சான்று இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விமான நிலையச் சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும், பத்து வருடத்துக்கு ஒருமுறை என்ற பழைய விதி 2016-லேயே போய்விட்டது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட வேண்டும். தமிழ்நாட்டில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகம், தூத்துக்குடித் துறைமுகச் சுகாதார அலுவலகம் ஆகியவை பலரும் போகும் இடங்கள். தினமும் போட மாட்டார்கள். ஒரு குப்பியைத் திறந்தால் பல பேருக்குப் போட வேண்டும் என்பதால் கிழமை, நேரம், டோக்கன் எல்லாம் உண்டு. கிளம்பும் முன் போன் செய்து கேளுங்கள். பள்ளித் தேர்வு நேரத்தில் பிள்ளைக்கு ஊசிக் காய்ச்சல் வேண்டாம் என்றால் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

சிலரை மையத்திலேயே நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். 9 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள், 60 வயதைத் தாண்டியவர்கள், முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள். தாத்தா பாட்டியையும் அழைத்துப்போவதாக இருந்தால், விமான டிக்கெட் எடுக்கும் முன் அவர்களின் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பிள்ளைக்கு அண்மையில் அம்மைத் தடுப்பூசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டும் உயிருள்ள தடுப்பூசிகள், இடைவெளி விட வேண்டும்.

கையோடு மலேரியா பற்றியும் கேட்டுவிடுங்கள். நைரோபியில் ஆபத்து குறைவு, மாராவில் உண்டு. தடுப்பு மாத்திரை பிள்ளையின் எடையைப் பொறுத்து மாறும், பெரியவர்களுக்குத் தரும் டாக்ஸிசைக்ளினை 8 வயதுக்குக் கீழே பொதுவாகத் தருவதில்லை. மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக்கொள்ள வேண்டாம்.

இடிஏ. 2024 ஜனவரி முதல் கென்யாவில் விசாவுக்குப் பதில் மின்னணுப் பயண அனுமதி. கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும். ஆளுக்கு 30 டாலர், அதன்மேல் சிறு சேவைக் கட்டணம். பாஸ்போர்ட் பக்கம், புகைப்படம், தங்குமிட முன்பதிவு, போகவர டிக்கெட் ஆகியவற்றை ஏற்ற வேண்டும் என்பதால், லாட்ஜும் டிக்கெட்டும் உறுதியான பிறகுதான் இந்த விண்ணப்பம். மூன்று வேலை நாளில் வரும் என்பார்கள், நீங்கள் மூன்று வாரம் முன்பு விண்ணப்பித்துவிடுங்கள். ரொம்பவும் சீக்கிரமாகப் போட்டாலும் தொல்லை, கிடைத்த நாளிலிருந்து 90 நாள்தான் செல்லும்.

தேடுபொறியில் முதலில் வரும் தளங்களில் பாதி இடைத்தரகர்களுடையவை. அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கேட்பது இரண்டு மூன்று மடங்கு. உண்மையான அரசுத் தளத்தின் முகவரி "டாட் கோ டாட் கேஇ" (.go.ke) என்று முடியும். நாலு பேர் குடும்பத்துக்கு இந்த ஒரு கவனத்திலேயே நல்ல தொகை மிச்சம்.

பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு போனால், மற்றவர் சம்மதக் கடிதம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கித் தரட்டும். பிறப்புச் சான்றிதழ் நகலும் கூட இருக்கட்டும்.

4. நுழைவுக் கட்டணம் என்னும் பெருஞ்செலவு

மசாய் மாராவில் 2024 முதல் நடைமுறையில் உள்ள கட்டணம்: வெளிநாட்டுப் பெரியவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். சிறுவருக்கு 50. அப்பா, அம்மா, 12 வயது மகள், 7 வயது மகன் என்றால் அக்டோபரில் ஒரு நாளைக்கு 450 டாலர், ஜனவரியில் 250. மூன்று நாளுக்கு வித்தியாசம் 600 டாலர். லாட்ஜில் தள்ளுபடி கேட்டு மன்றாடுவதைவிட இங்கே மிச்சம் பிடிப்பது சுலபம்.

சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரை மட்டும் செல்லும். நைரோபியிலிருந்து கிளம்பி மதியம் மூன்று மணிக்கு கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், மூன்று மணி நேரத்துக்காக முழு நாள் கட்டணம் கட்டுகிறீர்கள். அன்று கேட்டுக்கு வெளியே தங்கி, மறுநாள் விடியலில் நுழைந்தால் அதே சீட்டில் பன்னிரண்டு மணி நேரம் கிடைக்கும். காப்பகத்துக்கு உள்ளே தங்கினால் கிளம்பும் நாள் காலை 10 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். தாண்டினால் இன்னொரு நாள் கட்டணம். சாவகாசமாகக் காலை உணவு சாப்பிட்டுப் போகலாம் என்று டிரைவர் சொன்னால் கடிகாரத்தைப் பாருங்கள்.

அம்போசெலி, நகுரு போன்றவை தேசியப் பூங்காக்கள். அவற்றை கென்ய வனவிலங்குச் சேவை நடத்துகிறது, கட்டணம் வேறு. கேட்டில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், அரசின் இ-சிட்டிசன் தளத்தில்தான் கட்ட வேண்டும். ஏஜென்ட் கட்டினாலும் ரசீதை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

5. இப்போது லாட்ஜ்

மாராவில் தங்குமிடம் மூன்று விதம்.

கேட்டுக்கு வெளியே செகெனானி, தாலெக் பக்கம் உள்ள கேம்ப்கள் மலிவு. மூன்று வேளைச் சாப்பாட்டோடு ஒரு இரவுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 70 முதல் 120 டாலர். கான்வாஸ் கூடாரம்தான், ஆனால் உள்ளே கட்டில், பின்னால் குளியலறை எல்லாம் இருக்கும். சுடுநீரும் மின்சாரமும் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வரும், கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பகத்துக்குள் இருக்கும் லாட்ஜ்கள் ஆளுக்கு 200 டாலருக்கு மேல். கட்டிடம், வேலி, நீச்சல் குளம், பஃபே. விடிந்ததும் விலங்குகள் நடுவில் இருப்பீர்கள். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் உள்ளவர்களுக்கு வேலி போட்ட லாட்ஜ்தான் நிம்மதி. வேலியில்லாத கேம்ப்களில் இருட்டிய பிறகு கூடாரத்திலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக வேண்டுமென்றால்கூட அஸ்காரி என்னும் காவலர் டார்ச்சோடு வந்து அழைத்துப்போக வேண்டும். நீர்யானை புல் மேய வந்திருக்கும். ஓடி விளையாடும் பிள்ளையை இரவு முழுக்கக் கையில் பிடித்துக்கொண்டே இருக்க முடியாது.

மூன்றாவது, மாரா நார்த், நபோய்ஷோ, ஒலாரே மோட்டோரோகி போன்ற கன்சர்வன்சிகள். மசாய் மக்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நடப்பவை. வண்டிகள் குறைவு, இரவுச் சஃபாரியும் நடைச் சஃபாரியும் உண்டு. இவை காப்பகத்துக்குள் கிடையாது. விலை ஆளுக்கு 500 டாலரிலிருந்து ஆயிரத்தைத் தாண்டும். இங்கே தங்கிக்கொண்டு காப்பகத்துக்குள் போக விரும்பினால் அந்த நுழைவுக் கட்டணம் தனி. பிள்ளைகள் 12-ஐத் தாண்டியவர்கள், கையில் பணமும் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். சின்னப் பிள்ளைகள் என்றால் இவ்வளவு கொடுப்பது வீண்.

"குடும்ப அறை" என்று எழுதியிருந்தால் உள்கதவு உள்ள இரண்டு அறையா, ஒரே கூடாரத்தில் நாலு கட்டிலா என்று கேளுங்கள். பக்கத்து பக்கத்துக் கூடாரம் என்றால் வேண்டாம். இரவில் சிங்கம் உறுமும் சத்தம் கேட்டால் எந்தப் பிள்ளையும் தனிக் கூடாரத்தில் தூங்காது.

6. பாதையைச் சுருக்குங்கள்

ஆறு நாளில் அம்போசெலி, நகுரு, நைவாஷா, மாரா என்று விற்கும் பேக்கேஜ்களை வாங்காதீர்கள். அம்போசெலி நைரோபிக்குத் தெற்கே, மாரா மேற்கே. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஒரு பகல் முழுக்கக் காரில்தான். நைரோபியிலிருந்து மாராவுக்கே ஐந்தாறு மணி நேரம். நைரோபியில் ஒரு இரவு, நைவாஷாவில் இரண்டு, மாராவில் மூன்று என்பது பிள்ளைகள் தாங்கும் வேகம். நைவாஷா ஏரியில் படகில் போய் நீர்யானை பார்க்கலாம். கிரெசன்ட் ஐலண்டில் ஒட்டகச்சிவிங்கிகளுக்கு நடுவே நடக்கலாம், வண்டியிலேயே அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. நைரோபியில் ஷெல்ட்ரிக் அறக்கட்டளையின் அநாதை யானைக்குட்டிகளைப் பார்க்க காலை 11 முதல் 12 வரை ஒரு மணி நேரம்தான், முன்பதிவு இல்லாமல் விட மாட்டார்கள்.

மாராவுக்கு வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானமும் உண்டு. முக்கால் மணி நேரம், ஒரு வழிக்கே ஆளுக்கு 200 டாலர் சுற்று. பெட்டி 15 கிலோவுக்குள், அதுவும் சக்கரம் வைத்த கடினப் பெட்டி இல்லாமல் துணிப்பையாக.

7. ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை

எங்களுக்கு வந்த விலைப்பட்டியல் ஒன்றில் கடைசி வரியில் சின்ன எழுத்தில் "பூங்காக் கட்டணம் நீங்கலாக" என்று இருந்தது. மற்றவர்களைவிட அவர் மலிவாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். ஆகவே இவற்றைக் கேளுங்கள்: நுழைவுக் கட்டணம் எத்தனை நாளுக்கு, எத்தனை பேருக்குச் சேர்த்திருக்கிறது? வண்டி நமக்கு மட்டுமா? கூரை திறக்கும் லேண்ட் குரூசரா, வேனா? லாட்ஜின் பெயர் என்ன, அது கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா? "அல்லது அதற்கு இணையான லாட்ஜ்" என்ற சொற்றொடரை அடிக்கச் சொல்லுங்கள். டிரைவரோடு லேண்ட் குரூசர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 முதல் 300 டாலர், நாலு பேர் குடும்பத்துக்கு அது தகும். மழைக்காலத்தில் வேன் கூடவே கூடாது.

நைரோபி நிறுவனம் என்றால் கேட்டோ எனப்படும் கென்ய டூர் ஆபரேட்டர்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள். காப்பீட்டில் மருத்துவச் செலவோடு, காட்டிலிருந்து விமானத்தில் தூக்கிவரும் செலவும் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அம்ரெஃப் ஃப்ளையிங் டாக்டர்ஸ் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் குறுகிய காலத் திட்டத்தை எடுக்கலாம்.

8. பெட்டி கட்டும்போது

கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. செருப்பு, ஈரத்துணி, முறுக்கு என்று எல்லாவற்றையும் கடைப் பையில் சுற்றும் நம் பழக்கத்தை இந்த ஒரு பயணத்துக்கு விடுங்கள். துணிப்பையும் எவர்சில்வர் டப்பாவும் போதும். தேசியப் பூங்காக்கள் உட்பட பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 2020 முதல் ஒருமுறை வீசும் தண்ணீர் பாட்டிலும் கூடாது, ஆளுக்கொரு பாட்டில் எடுத்துப்போங்கள். ராணுவ உடை மாதிரிப் பச்சைப் புள்ளி போட்ட சட்டை, டிரவுசர் வேண்டாம், அங்கே அது சட்டப்படி சிக்கல். டிரோனும் வேண்டாம்.

ஆப்பிரிக்கா என்றதும் வெயில் என்று நினைக்காதீர்கள். மாரா ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் திறந்த கூரை வண்டியில் ஊட்டிக் குளிர். ஸ்வெட்டர், காது மூடும் குல்லா கட்டாயம். பிளக் மூன்று செவ்வக முனை கொண்டது, அடாப்டர் வேண்டும். பைனாகுலர் பிள்ளைக்கொன்று இருந்தால் சண்டை குறையும்.

9. சாப்பாடும் காட்டுக்குள் இருக்கும் நேரமும்

சப்பாத்தி கென்யர்களின் அன்றாட உணவு, சோறும் எங்கும் கிடைக்கும். நைரோபி பார்க்லேண்ட்ஸ் பகுதியில் குஜராத்திகள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள், சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. லாட்ஜுக்கு மட்டும் "வெஜிடேரியன்" என்றால் போதாது. முட்டை, மீன், கோழிச்சாறு எதுவும் கூடாது என்று விரித்து எழுதுங்கள். விடியற்காலை சஃபாரிக்குக் கட்டித் தரும் பெட்டியில் வழக்கமாக முட்டையும் சாசேஜும்தான் இருக்கும், முந்தின இரவே சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள். கொண்டுபோன பருப்புப்பொடியையும் முறுக்கையும் கூடாரத்தில் வைக்காதீர்கள். குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும். வரவேற்பில் கொடுத்து வைக்கலாம்.

சஃபாரி வண்டியில் கழிப்பறை கிடையாது, நினைத்த இடத்தில் இறங்கவும் முடியாது. கிளம்பும் முன் எல்லோரையும் போய்வரச் சொல்லுங்கள். அவசரம் என்றால் டிரைவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துவார். காலை ஒரு சுற்று, மாலை ஒரு சுற்று போதும். நடுப்பகலில் சிங்கமும் தூங்குகிறது, பிள்ளைகள் நீந்தட்டும்.

10. பணம்

கிழிசலும் பேனாக்கறையும் இல்லாத புதிய வரிசை டாலர் நோட்டுகளாகப் பார்த்து வாங்குங்கள், பழையதை வாங்க மறுப்பார்கள். டிரைவருக்கு டிப்ஸ் வண்டிக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டாலர் என்று வைத்து, கடைசி நாள் உறையில் மொத்தமாகக் கொடுப்பது வழக்கம். லாட்ஜ் ஊழியர்களுக்கு வரவேற்பில் பொது உண்டியல் இருக்கும். மசாய் கிராமத்தைப் பார்க்க ஆளுக்கு இவ்வளவு என்று கேட்பார்கள், பிள்ளைகளுக்கும் சேர்த்து எவ்வளவு என்பதை வண்டியிலிருந்து இறங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

பேக்கேஜை இந்திய ஏஜென்ட் மூலம் எடுத்தால் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) என்று ஒரு தொகையைக் கூடுதலாக வாங்குவார். விகிதத்தை அரசு அடிக்கடி மாற்றுவதால் அன்றைய நிலவரம் கேளுங்கள். அது உங்கள் பெயரில் கட்டப்படும் வரி, பிறகு உங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், செலவாகக் கணக்கு வைக்காதீர்கள். குடும்பத்தில் யார் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறாரோ அவருடைய பான் எண்ணைக் கொடுத்து பில் போடச் சொல்லுங்கள். ஊர் திரும்பிய பிறகு வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா பார்த்து, ஏறவில்லையென்றால் கணக்குத் தாக்கலுக்கு முன்பே ஏஜென்ட்டைப் பிடியுங்கள்.